வால்வில் தொங்கிய ஸ்பானர்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். மயக்கம் போட்டு விழாதே. வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டையோடு நிறுத்திக்கொள்கிறவள் கடிதம் எழுதுகிறாளே, யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. எல்லாரும் சௌக்கியம்.

இங்கே ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக நீராவி பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவள் நான். இப்போது புதுச் சட்டமாம், பாய்லர் பக்கம் நிற்கிறவர்கள் எல்லாரும் சான்றிதழ் வாங்க வேண்டுமாம். ஏப்ரல் பதினாறாம் தேதி வாய்மொழித் தேர்வு. தேறினால் தலைமை ஆபரேட்டர்! தவறினால் விரிப்பு மடிக்கிற மேஜை. அந்த வேலையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அக்கா, அந்த பாய்லர் என்னுடையது.

நீ பிசிக்ஸ் டீச்சர். எனக்குச் சொல்லிக்கொடு. ஒன்பதாம் வகுப்பில் நீ திட்டின திட்டில் நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினவள்தான், அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கத்தான் இருக்கிறது. இருந்தாலும் உன்னை விட்டால் எனக்கு யார்?

உன் தங்கை,
வாலு


மார்ச் 7

அடி வாலு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆசிரியர் அறையில் நான் போட்ட கூச்சலில் கணக்கு டீச்சர் டீயை மடியில் கொட்டிக்கொண்டாள். தேர்வாமே! நீயாமே! ராத்திரியோடு ராத்திரியாகக் குறிப்பு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

முதல் பாடம், பாய்லரின் பக்கத்தில் இருக்கும் கண்ணாடிக் குழாய். அதுவும் பாய்லரும் ஒன்றோடொன்று இணைந்தவை. ஆகவே இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். குழாயைப் பார்த்தால் உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துவிடும், சந்தேகமே வேண்டாம்.

உன் பாய்லரைப் படம் போட்டு அனுப்பு. ஒரு திருகாணியைக்கூட விடாதே. திட்ட மாட்டேன், சத்தியமாக.

உன் அக்கா


மார்ச் 14

என் அருமை அக்காவுக்கு,

உன் குறிப்பு அமர்க்களம்! தீயை எதற்கு மெல்ல மெல்ல ஏற்றுகிறோம் என்று இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் எனக்குப் புரிந்தது. கை செய்துகொண்டே இருந்தது, காரணம் தெரியாது. படித்துவிட்டு ஓடிப்போய் பாய்லரை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன், புதுசாகப் பார்க்கிற மாதிரி.

ஆனால் "சந்தேகமே வேண்டாம்" என்றாயே, அங்கேதான் சிரிப்பு வந்துவிட்டது. குழாயின் வாயில் உப்பு அடைத்துக்கொண்டால் பாய்லர் காலியானாலும் கண்ணாடியில் தண்ணீர் நிற்கும், தெரியுமா? தினமும் காலையில் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற சின்னக் குழாயைத் திறந்து, தண்ணீரை வெளியே விட்டுவிட்டு மூடுவேன். தண்ணீர் துள்ளிக்கொண்டு மேலே வந்தால் நிஜம். சோம்பலாக வந்தால் பொய். இதை உன் புத்தகத்தில் சேர்த்துக்கொள்.

படம் வைத்திருக்கிறேன். சேஃப்டி வால்வின் நீட்டுக் கையில் ஸ்பானர் தொங்குகிறது பார், அது எனக்கு முன்னால் இருந்த ஆபரேட்டர் காட்டிக்கொடுத்த வித்தை. அழுத்தம் ஏழுக்கு வந்தால்தான் அந்த வால்வு திறந்து நீராவியை வெளியே விட வேண்டும். அது என்னடா என்றால் மீட்டரில் ஐந்து காட்டும்போதே சீற ஆரம்பித்துவிடுகிறது. ஸ்பானரைக் கட்டினால் கப்சிப். ஒன்பது மாசமாக ஒரு குறையும் இல்லை.

வாலு


மார்ச் 18, விரைவுத் தபால்

வாலு,

ஸ்பானரை எடு. இதைப் படித்த நிமிஷமே தீயை அணைத்துவிட்டு எடு.

உங்கள் ஆபீஸுக்கு மூன்று தடவை போன் செய்தேன். பாய்லர் அறைக்கெல்லாம் ஆள் அனுப்ப முடியாது என்று வைத்துவிட்டார்கள். உன் படத்தில் அளந்து கணக்குப் போட்டேன். கையின் நுனியில் தொங்குவதால் அந்த இரும்பு தன் எடையைப் போல் எட்டு மடங்கு வால்வை அமுக்குகிறது. எந்த அழுத்தத்தில் அது திறக்கும் என்று இப்போது யாருக்கும் தெரியாது. திறக்குமா என்றே தெரியாது. வால்வு சும்மா சீறுகிறது என்று உனக்கு யார் சொன்னது?

கோபப்படு, திட்டு, ஜென்மத்துக்கும் பேசாதே. எடுத்துவிடு போதும்.

அக்கா


மார்ச் 23

அக்கா,

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு பதினெட்டு வருஷக்காரிக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்று உன்னை நன்றாகத் திட்டினேன். திட்டிக்கொண்டேதான் தீயை அணைத்தேன்.

ஸ்பானரை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். ஐந்தில் சீறியது. உன் கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. கண்ணாடி பொய் சொல்லும் என்று உனக்கே பாடம் எடுத்தவள், மீட்டரும் பொய் சொல்லலாம் என்று ஒரு நாள் யோசித்தேனா? சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து வேறு மீட்டரை மாட்டிப் பார்த்தார். பழைய மீட்டர் ஐந்து காட்டின இடத்தில் ஏழு, அக்கா! வால்வு ஒன்பது மாசமாக உண்மையைத்தான் கத்தியிருக்கிறது. அதன் வாயைக் கட்டினவள் நான். சுவருக்கு அந்தப் பக்கம் எண்பது பேர் வேலை செய்கிறார்கள்.

ஸ்பானர் விஷயம் இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது, அவர் வரும்போது அது அலமாரியில் இருந்தது. தேர்வு எடுக்கப்போவதும் அவரேதான். சொன்னால் தேர்வு போச்சு. என்ன செய்யட்டும்?

வாலு


மார்ச் 28

என் தங்கமே,

நீ பிழைத்தாய் என்பதிலேயே எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. வகுப்பின் நடுவிலேயே சிரிக்கிறேன், பிள்ளைகள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

என்ன செய்வது என்று கேட்டாய். சொல்லிவிடு என்பேன். ஆனால் இழப்பது நீ, நான் இல்லை.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷமாக நீராவிப் பாடம் நடத்துகிறேன். இதுவரை ஒரு பாய்லரைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஒன்பதாம் வகுப்பில் நீ "உள்ளே எப்படி இருக்கும், பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் உன்னைத் திட்டினேன்.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா! அக்கா! அக்கா!

இரு, வரிசையாகச் சொல்கிறேன். இன்ஸ்பெக்டர் பதினொரு கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று சொன்னேன். காரணத்தோடு! அவர் பேனாவை எடுத்தார். "சார், ஒரு நிமிஷம்"னு நானே ஆரம்பித்தேன். ஸ்பானர் கதையை முழுக்கச் சொன்னேன்.

"எத்தனை நாளா கட்டியிருந்தீங்க?"

"ஒன்பது மாசமா, சார்."

"பயமா இல்லையாம்மா?"

"ஒண்ணும் ஆகலையே, சார். ஒண்ணும் ஆகாததையே பாடமா எடுத்துக்கிட்டேன்."

அவர் எடுத்த பேனாவை மேஜையில் வைத்தார். பிறகு, "எத்தனை பாய்லர்ல வால்வுமேல கட்டின கம்பியையும் செங்கல்லையும் நானே பார்த்திருக்கேன். தானா வாயைத் திறந்து சொன்னவங்க யாருமில்லை. நீங்க பாய்லர் பக்கத்துலயே இருக்கறதுதான் அதுக்கு நல்லது"ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டார். தேறிவிட்டேன்! ஒரு நிபந்தனை: மடிப்பு மேஜையிலிருந்து இரண்டு பெண்களை நான் பழக்க வேண்டும், இந்த ஸ்பானர் கதையில் தொடங்க வேண்டும்.

திங்கட்கிழமை முதல் வகுப்பு. சூப்பர்வைசரிடம் மூன்றாவதாக உன் பெயரையும் கொடுத்துவிட்டேன். லீவு போட்டுவிட்டு வா. மூடின ஷூ வேண்டும், தலைமுடியை இறுக்கிக் கட்டு. தீக்கதவைத் திறந்து காட்டுகிறேன், உள்ளே எப்படி இருக்கும் என்று நீயே பார். எட்டு மணிக்கு வகுப்பு, அக்கா. லேட்டாக வந்தால் வெளியே நிற்க வைப்பேன்.

தலைமை ஆபரேட்டர்,
உன் வாலு