ஒன்பதாம் நம்பர் சட்டை

ஜூன் 3, 2024

எங்கள் கோச் பாலசுந்தரம் சார் கோயமுத்தூரில் மகள் வீட்டோடு தங்கப் போகிறார். பள்ளிபாளையம் பெண்கள் கால்பந்து அணியை இனி யார் பார்ப்பது என்று கேட்டேன். "நீதான் பாத்துக்கோணும் அகல்யா" என்று விசிலை என் கையில் வைத்துவிட்டார். பள்ளியில் தொடங்கி இத்தனை வருடம் கோல் அடித்தே பழகியவள். முப்பத்துமூன்று வயதில் கோச்சாம். ஆடிக்கொண்டேதான் பார்ப்பேன் என்றேன். சிரித்தார். எதற்குச் சிரித்தார்?

ஜூன் 19

முழங்கால் வீங்கியிருக்கிறது. ஐஸ் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 30

திருச்செங்கோட்டில் பயிற்சி ஆட்டம். 0–3. நான் ஓடுவதா, மற்றவர்களைப் பார்ப்பதா? பின்னால் காலியாகக் கிடப்பதைக் கண்டு கத்துவதற்குள் கோல்.

திரும்பும் பஸ்ஸில் வெண்ணிலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நூல்மில்லில் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஆட வருகிறவள். எனக்கு மாற்று ஆள். பெரும்பாலும் பெஞ்சில்தான் இருப்பாள்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. நீங்க உள்ள இருந்தா எல்லாரும் உங்களுக்கேதான் பந்து தர்றோம். வெளிய நின்னு எங்களப் பாருங்க."

என்ன தைரியம். என் இடம் வேணும்னு நேராவே கேக்கலாமே.

ஜூலை 1

அவ சொன்னதுல என்ன தப்பு? ஒண்ணுமில்ல. அதான் எரியுது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். தறிச் சத்தத்தில் அவருக்குக் காது பாதி மந்தம். இது மட்டும் தெளிவாகக் கேட்டது. அந்தப் பிள்ளை சொல்வது நிஜம்தானே என்றார். இன்று அவருக்கு ரசம் மட்டும்தான்.

ஜூலை 13

நாளை கோப்பைப் போட்டியில் ஈரோட்டு அணியோடு அரையிறுதி. என் ஒன்பதாம் நம்பர் சட்டையை வெண்ணிலாவிடம் கொடுத்தேன். அவளுக்குத் தொளதொளவென்று இருக்கிறது. அழுதுவிட்டாள். நான் அழவில்லை — வீட்டுக்கு வந்தபிறகு கொஞ்சம்.

ஜூலை 14

2–1. ஜெயித்துவிட்டோம்.

வெளியே நின்று பார்த்தால் மைதானம் இவ்வளவு பெரிதா? ஒவ்வொருத்தியும் எங்கே நிற்கிறாள், எங்கே போக நினைக்கிறாள், எல்லாம் தெரிகிறது. கத்திக்கொண்டே கோட்டுக்குள் போய்விட்டேன்; ரெஃப்ரி திட்டினார். கடைசியில் வெண்ணிலா கோலுக்கு நேராக நின்றும் தான் அடிக்கவில்லை. ஆள் மறிக்காமல் நின்ற சுகன்யாவுக்குத் தள்ளிவிட்டாள். கோல். நானாக இருந்தால் அடித்து வெளியே அனுப்பியிருப்பேன்.

தொண்டை போய்விட்டது. போனில் என் குரலைக் கேட்ட அம்மா, "அழுவாத சாமி, தோத்தா என்ன" என்கிறாள்.

ஜூலை 21

இறுதி ஆட்டத்தில் பெனால்டியில் தோற்றோம். எல்லோரும் அழுதுகொண்டே பிரியாணி சாப்பிட்டார்கள். ஒருத்தியும் மிச்சம் வைக்கவில்லை.

செப்டம்பர் 8

புதிதாக நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். தூறலிலேயே பயிற்சி. ஒருத்திக்கு இடதுகால் அருமை, அவளுக்கே அது தெரியவில்லை. அவளை எங்கே ஆடவிடலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் சேற்றுக்காலைக் கழுவும்போதுதான் உறைத்தது: இன்று முழுக்க நான் பந்தைத் தொடவே இல்லை.