உச்சியில் தனியாக ஒரு குடும்பம்

மலையேறும் மகராசனுக்கு,

நானும் பிள்ளைங்களும் நேத்துப் போன மலைக்கே திரும்பப் போறோம். எழுப்பல, நீங்க ரொம்பக் களைச்சுப்போயிருப்பீங்க.

சோறு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. பிளம்பர் வருவார், எழுந்து போய்க் கதவைத் திறங்க. வாசல் வரைக்கும் நடக்கணும். வேணும்னா உங்க புது மலையேறுற கம்பை ஊனிக்குங்க.

நேத்து சின்னவ செருப்பு அறுந்து நாங்க பாதி வழியில உக்காந்திருந்தோம். நீங்க திரும்பிக்கூடப் பாக்காம உச்சிக்குப் போய், தனியா பல்லைக் காட்டி போட்டோ எடுத்து, "குடும்பத்தோட ஒரு நாள்"னு சொந்தக்காரங்க குரூப்ல போட்டிருக்கீங்க.

கார் சாவி என்கிட்ட.

பி.கு.: உங்க அக்கா மட்டும் அதுக்குக் கீழே "பிள்ளைங்க எங்கடா?"ன்னு கேட்டிருக்காங்க. நீங்க ஒண்ணும் மழுப்ப வேணாம். உச்சிக்குப் போனதும் நாங்களே போட்டோ போட்டு பதில் சொல்லிக்கிறோம்.