அந்தப் பவர் சப்ளையைக் கழட்டு

தம்பி,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ. உன் மூஞ்சியைப் பார்த்துப் பேசப் பிடிக்கலை, அதான் சீட்டு.

உன் ஃப்ரெண்டுக்குக் கம்மி விலையில கேமிங் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் பார்த்துச் சொல்லுன்னு என் உயிரை வாங்கினே. சொன்னேன். நான் சொன்ன பவர் சப்ளையை விட்டுட்டு ஏதோ குப்பையை மாட்டி, மிச்சக் காசுல கலர் லைட் வாங்கியிருக்கே! கேட்டா, "லுக்குதான் முக்கியம்க்கா"ங்கிறே. அந்தக் குப்பை புகைஞ்சா மொத்தக் கம்ப்யூட்டரும் போச்சு. அவன் லீவு பூரா வேலை பார்த்து வாங்குறான்டா. அவன் முகத்துல எப்படி முழிப்பே?

சாயங்காலம் எடுத்துட்டுப் போக வர்றான்.

அக்கா

பி.கு.: என் கம்ப்யூட்டர்ல இருந்த பவர் சப்ளையைக் கழட்டி உன் மேசையில வச்சிருக்கேன். ஸ்க்ரூடிரைவர் பக்கத்துலயே இருக்கு. அவன் வர்றதுக்குள்ள மாட்டு. அவன்கிட்ட மூச்சு விடாதே.

உன் குப்பையை என் கம்ப்யூட்டர்ல மாட்டினே, கையை உடைச்சிடுவேன்.