நீலப் பெட்டி வண்டுகள்

எவரிஸ்தோ,

ஓவனுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட எம்பனாதா இருக்கிறது. மாத்தே குடிக்காமல் படகேறாதே.

மீனை ஏமாற்ற நான் கட்டி நீலப் பெட்டியில் வைத்திருக்கும் ஃபோம் வண்டுகளைத் தூண்டிலில் மாட்டாதே. நேற்று உன் படகில் மீன்பிடிக்க வந்தவர்கள் முன்னால், "எம் பொண்டாட்டி கட்டுற வண்டு பொறக்கும்போதே ஒயின் குடிச்சிருக்கும், ஒரு பக்கமாத்தான் சாயும்" என்று சிரித்தாயே, அந்த ஆத்திரத்தில் ராத்திரி கட்டியவை. முள்ளில் பசை தடவாமலே ஃபோமைக் கட்டிவிட்டேன். பார்க்க அழகாயிருக்கும். முதல் ட்ரௌட் மீன் கடித்ததும் திருகிக்கொண்டு மல்லாந்து மிதக்கும். இன்று அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்றுதான் செய்தேன்.

விடிந்ததும் மனசு கேட்கவில்லை. பசை வைத்துப் புதிதாகக் கட்டி மாத்தே இலை டப்பா மேல் வைத்திருக்கிறேன். இன்னும் காயவில்லை, தொட்டுப் பார்க்காதே.

ரையென்

பி.கு.: நீலப் பெட்டியை ஒளித்துவைக்கப் போனேன். பாதி வண்டுகளைக் காணோம். நான் தூங்கிய பிறகு உன் தொப்பியைச் சுற்றி நீயே பதக்கம் மாதிரி வரிசையாகக் குத்தி வைத்திருக்கிறாய். அதைப் பார்த்த பிறகு உன்னை எழுப்பிச் சொல்ல எனக்கு முகமில்லை.