தாய்மாமன் வந்தால்தான் கூட்டம்

லூயிஷாம்
6 ஒக்டோபர் 2024

அண்ணைக்கு,

மேரிறோஸ் எழுதுறன். கையெழுத்தைக் கண்டவுடனே மடிச்சு வைக்காமல் கடைசிவரைக்கும் வாசியுங்கோ. போன் அடிச்சால் எடுக்கமாட்டியள். வாட்ஸ்அப்பில போட்டால் நீலக்கோடு மட்டும் விழும். அதுதான் முத்திரை ஒட்டி அனுப்புறன். நீங்களும் அண்ணியும் பிள்ளை அனோஜினியும் சுகமாய் இருக்கவேணும் எண்டு அந்தோனியாரை மன்றாடுறனான். ஒரு சாட்டுக்கு எழுதேல்லை, உண்மையாய் மன்றாடுறனான்.

விசயத்துக்கு வாறன். என்ர மகள் ஜெஸ்ரினுக்கு இப்ப பதினாலு வயது. ரெண்டு கிழமைக்கு முதல், ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, வகுப்பில இருக்கவேண்டியவள் லூயிஷாம் சந்தையில ரெண்டு சிநேகிதிகளோட நிண்டு வேப் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இவர் குவாபெனாவின்ர கானாச் சபையில கிரேஸ் எண்டு ஒரு மனுசி, சாமான் வாங்கச் சந்தைக்கு வந்தவ, கண்டிட்டா. கண்டால் எனக்கு ஒரு போன் அடிக்கலாம். இல்லை. வேப்பைப் பறிச்சுத் தன்ர கைப்பையுக்குள்ள போட்டு, பிள்ளையைக் கையில பிடிச்சு நடத்திக்கொண்டு போய் பள்ளிக்கூட ஒபிசில ஒப்படைச்சிருக்கிறா. பிறகு என்ர மச்சாள் அக்கோசுவாவுக்குச் சொல்லியிருக்கிறா. குவாபெனாவுக்கு மூத்தவ அவதான், தாய் தகப்பன் இல்லாத குடும்பத்துக்கு அவதான் எல்லாம். நான் ஷிப்ட் முடிஞ்சு வர என்ர குசினிக்குள்ள மூண்டு பொம்பிளையள், கிரேஸும் மச்சாளும் சபையில இன்னொருத்தியும். மச்சாள் என்ர சட்டியில சமைக்கிறா. பெத்தவளுக்குத்தான் கடைசியாய்ச் செய்தி.

எனக்குப் பொறுக்கேல்லை. கிரேஸைப் பாத்து, "என்ர பிள்ளையின்ர கையைப் பிடிக்க நீங்கள் ஆர்?" எண்டு கேட்டுப்போட்டன். மச்சாள் அகப்பையை வைச்சிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு போயிட்டா.

இப்ப பிள்ளை செய்தது சின்னப் பிழை, நான் கேட்டது பெரிய பிழை. அவையின்ர ஊரில கண்ட பெரியவை ஆரும் பிள்ளையைத் திருத்தலாமாம். அதைத் தடுக்கிற தாய் பிள்ளையைத் தனியாய் விடுறாளாம். லண்டன் பிள்ளையைக் கெடுத்துப்போட்டுது, கிறிஸ்மஸுக்குப் பிறகு கானாவுக்கு அனுப்பி, குமாசியில விடுதிப் பள்ளிக்கூடத்தில சேர்ப்பம் எண்டு மச்சாள் சொல்லுறா. குவாபெனா எனக்கும் ஓம் எண்டுறார், அக்காவுக்கும் ஓம் எண்டுறார். ஆஸ்பத்திரியில நோயாளியளோட கதைக்கிற மாதிரி எல்லாரோடயும் மெல்லமாய்க் கதைக்கிறார்.

குடும்பக் கூட்டம் வைச்சுத்தான் முடிவெடுக்கவேணும். அவையின்ர ஆக்களில பிள்ளை தாயின்ர பக்கம். தகப்பனை விடத் தாய்மாமனுக்குத்தான் சொல் கூட. வோஃபா எண்டு சொல்லுவினம். வோஃபா இல்லாமல் கூட்டம் இல்லை. "இந்தப் பிள்ளையின்ர வோஃபா எங்க?" எண்டு மச்சாள் என்னைக் கேட்கிறா. ஹரோவில இருக்கிறார், ரெண்டு ரெயின் எடுத்தால் வரலாம், ஆனால் வரமாட்டார் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?

வந்து இருந்து, "அனுப்ப வேண்டாம்" எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. வேற ஒண்டும் கேட்கேல்லை.

தங்கச்சி
மேரிறோஸ்


ஹரோ
14 ஒக்டோபர் 2024

தங்கச்சி மேரிறோஸ் அறிய,

உன்ர கடிதம் கிடைச்சுது. நாங்கள் சுகம். ரெண்டு வருசத்துக்கு முதல் அம்மாவின்ர செத்தவீட்டில கடைசி வாங்கில இருந்து, ஒரு சொல்லும் கதைக்காமல் எழும்பிப் போனனி. இப்ப உனக்குத் தேவை வந்தவுடனே அண்ணை நினைவுக்கு வந்திட்டான்.

இதெல்லாம் வரும் எண்டு நான் அப்பவே சொன்னனான். நீ கேட்கேல்லை. இங்க நான் பதினொரு வருசமாய் இருக்கிறன். பக்கத்து வீட்டுக்காரற்ற நாயின்ர பேர் தெரியும், அவற்ற பேர் தெரியாது. அவரும் எங்கட வீட்டுக்குள்ள தலையை நீட்டினதில்லை. மரியாதை எண்டால் அதுதான். பிள்ளையைப் பெத்தவை வளர்க்கவேணும், மற்றவை தங்கட அலுவலைப் பாக்கவேணும். அனோஜினி லீட்ஸ் கம்பசில மூண்டாம் வருசம், நல்லாய்ப் படிக்கிறாள். அவளை ஒரு சந்தைக்காரியும் கையில பிடிச்சு நடத்தேல்லை.

அந்த மனுசி செய்தது சட்டப்படி பிழை. நீ பொலிசில சொல்லலாம்.

எனக்கு லாப்பில வேலை கூட. சனிக்கிழமையில தமிழ் வகுப்பு இருக்கு, ஐம்பத்திரண்டு பிள்ளையள், நான்தான் பொறுப்பு. வர ஏலாது. முன்பின் தெரியாத ஆக்கள் கூப்பிட்ட உடனே வந்து மாமன் எண்டு குந்தியிருக்க நான் என்ன நாடகமோ நடிக்கிறன்?

அண்ணன்
பெனடிக்ற்


லூயிஷாம்
19 ஒக்டோபர் 2024

அண்ணைக்கு,

கிரேஸை நான் பொலிசில குடுக்கிறதோ? ஜெஸ்ரினுக்கு ரெண்டு வயதில நெஞ்சுச்சளி முத்தி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தவள். எனக்கு வேலையில லீவு தரேல்லை. ஒன்பது நாளும் பகல் முழுக்கக் கட்டிலடியில இருந்தது அந்த மனுசி. அவவோட சண்டை பிடிக்க எனக்கு உரிமை இருக்கு. உங்களுக்கு இல்லை.

உங்களுக்கு என்ன தெரியும் நான் படுற பாடு? என்ர பிள்ளை குட்டைப் பாவாடை போட்டால் பஸ்ஸில ஒருத்தி சொல்லுவா. தலை பின்னினது சரியில்லை எண்டு இன்னொருத்தி பிடிச்சு இருத்தி அவிழ்ப்பா. சோதினை மாக்ஸ் எனக்கு முதல் சபைக்குத் தெரியும். இதுக்கு நடுவில பள்ளிக்கூடம் ஈமெயிலுக்கு மேல ஈமெயில் போடுது, "பெற்றோர் மேலதிகக் கவனம் எடுக்கவும்" எண்டு. எத்தினை பேர் அண்ணை இன்னும் கவனம் எடுக்கவேணும்? வாறவை எல்லாருக்கும் நான் தேத்தண்ணி ஊத்துறன், என்னை மட்டும் ஒருத்தரும் ஒண்டும் கேட்கிறதில்லை.

ஆனால் ஒண்டு சொல்லுறன். நான் குவாபெனாவைக் கட்டப்போறன் எண்டு சொன்ன அண்டைக்கு நீங்கள் கேட்டனீங்கள், "உன்ர பிள்ளையை எங்கட ஆக்களில ஆர் தூக்குவினம்?" எண்டு. பிள்ளை பிறந்த எட்டாம் நாள் பேர் வைக்கேக்க அவையின்ர ஆக்கள் நாப்பது பேர் கைமாத்திக் கைமாத்தித் தூக்கிச்சினம். பிள்ளை திரும்பி என்ர கைக்கு வருமோ எண்டு எனக்குப் பயமாய்க் கிடந்தது. எங்கட பக்கத்தில ஒருத்தரும் இல்லை. மச்சாள் ஒரு கதிரையைக் காட்டி, இது உன்ர சகோதரத்துக்கு எண்டு சொல்லி, ஒருத்தரையும் இருக்கவிடேல்லை. எனக்கு அண்டைக்கு அவவிலயும் கோவம், உங்களிலயும் கோவம்.

கூட்டம் நவம்பர் ரெண்டாம் திகதி, சனிக்கிழமை ரெண்டு மணிக்கு. நீங்கள் வராட்டில் எங்கட கோயில் பங்கில செபமாலைமுத்து அண்ணை இருக்கிறார், பாட்டுக் குழுவில தபேலா அடிக்கிறவர். அவரை என்ர அண்ணையாய் வந்து இருக்கச் சொல்லிக் கேட்டன். ஓம் எண்டிட்டார். கழுத்துப்பட்டியும் வாங்கிப்போட்டார்.

மேரிறோஸ்


ஹரோ
23 ஒக்டோபர் 2024

மேரிறோஸ்,

செபமாலைமுத்துவுக்கு எங்கட குடும்பத்தில என்ன கதை? அவன் ஊரில, பாசையூரில இருந்த காலத்திலேயே மற்றவையின்ர விசயத்தில முன்னுக்கு நிக்கிறவன். அவனை வரவேண்டாம் எண்டு சொல்லு.

நான் வாறன். தமிழ் வகுப்பைக் கீர்த்திகா ரீச்சர் பாப்பா. ஒரு மணித்தியாலம்தான் இருப்பன். சாப்பாடு ஒண்டும் வைக்கவேண்டாம்.

பெனடிக்ற்


லூயிஷாம்
9 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

ஒரு மணித்தியாலம் எண்டு வந்து ஆறு மணித்தியாலம் இருந்தனீங்கள். சாப்பாடு வேண்டாம் எண்டு எழுதிப்போட்டு ஜொலோஃப் சோறு ரெண்டு தரம் போட்டனீங்கள். அது பறவாயில்லை. ஒரு சொல்லுச் சொல்லத்தானே கூப்பிட்டனான். நீங்கள் என்ன செய்து வைச்சிருக்கிறியள் எண்டு யோசிச்சுப் பாத்தனீங்களோ?

முதலில தண்ணி தந்து, வந்த விசயம் என்ன எண்டு கேட்டிச்சினம். அது அவையின்ர முறை. தங்கச்சிக்காக வந்தனான் எண்டனீங்கள். அதோட நிப்பாட்டியிருக்கலாம். பதினைஞ்சு வருசம் எங்க இருந்தனீங்கள் எண்டு மச்சாள் கேட்க, நீங்கள் காப்பாத்தச் சொல்லி என்ர முகத்தைப் பாத்தனீங்கள். நான் சுவரைப் பாத்தன். அது உங்களுக்குத்தான் வந்த கேள்வி.

பிள்ளையிட்ட மன்னிப்புக் கேட்ட பிறகுதான் மாமனாய்க் கதைக்கலாம் எண்டு அவையின்ர ஆக்களில ஒரு வயசாளி சொல்ல, நீங்கள் எழும்பிப் போயிடுவியள் எண்டு நினைச்சன். போகேல்லை. கேட்டனீங்கள். ஜெஸ்ரின் ஓகே எண்டு தலையைக் குனிஞ்சாள். பிறகு எனக்கு முறை. உங்கட முன்னால நான் கிரேஸிட்ட மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. அவ என்னைக் கட்டிப்பிடிச்சு, திரும்பக் கண்டால் திரும்பவும் பிடிப்பன் எண்டு காதுக்குள்ள சொன்னா.

பிறகுதான் குமாசிக் கதை. நீங்கள் வேண்டாம் எண்டனீங்கள். ஏன், நீங்கள் இதைவிட நல்லாய் வளர்ப்பியளோ எண்டு மச்சாள் கேட்டா. தமிழ் வகுப்பு, சோதினை எண்டு பெருமை சொல்லப்போறியள் எண்டு நான் நினைச்சுக்கொண்டிருக்க, நீங்கள் கண்ணாடியைக் கழட்டிப்போட்டுச் சொன்னனீங்கள்:

"என்ர மகள் வீட்டை விட்டுப் போய்ப் பத்தொன்பது மாசம். படிப்பை விட்டிட்டன் எண்டு சொன்னாள். அப்ப இந்த வீட்டுக்கு வராதை எண்டு நான் சொன்னன். லீட்ஸில எங்கயோ இருக்கிறாள். நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, ஒருத்தரும் கேட்கவும் இல்லை. பிள்ளையைத் தூர அனுப்பாதேங்கோ."

அண்ணை, மூண்டாம் வருசம், நல்லாய்ப் படிக்கிறாள் எண்டு எனக்கு எழுதி மூண்டு கிழமைதானே? என்ர சொந்த மருமகள் காணாமல் போனதை நான் முப்பது பேருக்கு நடுவில இருந்து, அவையோட சேர்ந்து அறியவேணுமோ? அந்த இடத்தில உங்களை அடிக்கவேணும் போல வந்தது. எழும்பி உங்களிட்ட வாறதுக்கிடையில கிரேஸ் வந்து பக்கத்தில இருந்து உங்கட கையைப் பிடிச்சிட்டா. பேர் என்ன, வயது என்ன, என்ன விரும்பிச் சாப்பிடுவாள், எந்தக் கோயிலுக்குப் போறவள் எண்டு கேட்கக் கேட்க நீங்களும் சொல்லிக்கொண்டே இருந்தனீங்கள். பதினொரு வருசப் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொல்லாததைப் பத்து நிமிசத்தில சொல்லிப்போட்டியள்.

முடிவு உங்களுக்குத் தெரியும். ஜெஸ்ரின் இங்கயே இருக்கிறாள். ஆனால் வோஃபா வேண்டாம் எண்டு சொன்னால் வோஃபாதான் பொறுப்பு. பள்ளிக்கூடம் இனி முதல் உங்களுக்குத்தான் போன் அடிக்கும். சனிக்கிழமையில வகுப்பு முடிய நீங்கள் இங்க வரவேணும். எல்லாரும் தலையாட்டிச்சினம். பெத்தவளை ஒருத்தரும் கேட்கேல்லை.

நீங்கள் போனபிறகு ஜெஸ்ரின் கேட்டாள், மாமா எப்பவும் அழுகிறவரோ எண்டு. இல்லை, எனக்குத் தெரிய இதுதான் முதல்தரம் எண்டு சொன்னன்.

அண்ணிக்கு என்ர அன்பைச் சொல்லுங்கோ. அவ இவ்வளவு நாளும் எப்பிடி இதை வாய்க்குள்ள வைச்சிருந்தா?

தங்கச்சி
மேரிறோஸ்


ஹரோ
8 டிசம்பர் 2024

அன்புள்ள தங்கச்சி,

உன்ர மகளின்ர பள்ளிக்கூடம் இந்தக் கிழமை ரெண்டு தரம் லாப்புக்குப் போன் அடிச்சுது. ஒருக்கால் வீட்டுப்பாடம், மற்றது சப்பாத்தின்ர நிறம். சப்பாத்து என்ன நிறமாய் இருந்தால் அவைக்கு என்ன எண்டு கேட்டன். இப்பிடிக் கேட்கிறது முறையில்லை எண்டு போன் அடிச்ச மனுசி சொன்னா. இப்ப நானும் பேச்சு வாங்குறன். உனக்குச் சந்தோசம்தானே.

இதைச் சொல்ல எழுதேல்லை. உன்ர மச்சாளுக்கு ஆர் சொன்னது அனோஜினியைத் தேடச் சொல்லி? நான் சொன்னனானோ? பிள்ளையின்ர பேரைச் சொன்னால் தேடச் சொன்னதாய் அர்த்தமோ?

லீட்ஸில இருக்கிற அவையின்ர சபைக்காரருக்குச் சொல்லி, அங்க தலைமயிர் பின்னுற கடை ஒண்டில கேட்டு, ஒரு கோப்பிக் கடையில கேட்டு, ஒன்பது நாளில கண்டுபிடிச்சிட்டினம். ஜெஸ்ரின் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். நான் மூண்டு தரம் லீட்ஸ் போனனான். ஸ்ரேசன் வாங்கில இருந்து போறவாற பிள்ளையளைப் பாத்திட்டுத் திரும்பி வந்தனான். உன்ர அண்ணிக்குக்கூட அது தெரியாது. இப்ப ஆரோ ஒரு பொம்பிளை, எங்கட முகத்தைக் கண்டதில்லை, ஒரு சட்டி சோத்தோட போய்க் கதவைத் தட்டியிருக்கிறா. உன்ர அன்ரிதான் என்னை அனுப்பினவ எண்டு சொல்லியிருக்கிறா. பிள்ளை கதவு திறக்கேல்லை. சட்டியை வாசலில வைச்சிட்டுப் போய், ரெண்டு நாள் கழிச்சுச் சட்டியைக் கேட்டு வந்திருக்கிறா. அப்பவும் திறக்கேல்லை. மூண்டாம் தரம் திறந்திருக்கிறாள். இருபத்தொரு வயதுப் பிள்ளையின்ர வீட்டு வாசலில இப்பிடி நிக்கலாமோ? எனக்கு வந்த கோவத்துக்கு, உன்ர மச்சாளுக்குப் போன் அடிச்சு நாலு வார்த்தை கேட்கத்தான் போனைக் கையில எடுத்தனான்.

எடுக்க, போன் அடிச்சுது. போன ஞாயிறு, பின்னேரம் மூண்டு மணி. அனோஜினி.

ஹலோ இல்லை, ஒண்டுமில்லை. ஆர் இந்த ஆக்கள், என்ர அட்ரஸ் எப்பிடித் தெரியும், நீங்கள்தானே அனுப்பினீங்கள், என்ர வாழ்க்கையில தலையிட இவையள் ஆர் எண்டு இங்கிலீசிலயும் தமிழிலயும் இருபது நிமிசம் கத்தினாள். நான் அனுப்பேல்லை எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. உன்ர அண்ணி கேத்திலில கையை வைச்சபடி அப்பிடியே நிண்டா. கடைசியில, "ஏன் அப்பா ஒண்டும் சொல்லாமல் இருக்கிறியள்?" எண்டு கேட்டாள்.

"நீ கதை. நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்" எண்டன்.

போனை வைச்சிட்டாள். அண்ணி திரும்ப அடிக்கச் சொன்னா. நான் அடிக்கேல்லை. திரும்ப வராதை எண்டு சொன்னவன் நான், எந்த வாயால அடிக்கிறது?

புதன்கிழமை அவளே எடுத்தாள். இந்தமுறை கத்தேல்லை, ஆனால் முறைப்பாடுதான். அந்தச் சோத்துச் சட்டி மனுசி இந்தக் கிழமை வரேல்லையாம். சுகமில்லையோ என்னவோ எண்டு கேட்டாள்.

எனக்குத் தெரியாது. உன்ர மச்சாளிட்டைக் கேட்டு உடனே சொல்லு. எழுதவேண்டாம், போன் அடி. எடுப்பன்.

அண்ணன்
பெனடிக்ற்