இல்லாத தம்பிக்கு மூன்று காலேஜ்

மே 4, 1958. ஞாயிறு

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். யாரிடம் மன்னிப்பு கேட்கிறேன்? கடிதம் எழுதியே பழகிய கை. பாப்பா இப்போதுதான் அயர்ந்தாள். இருமல் விட்டபாடில்லை. மத்தியானத்திலிருந்து மூட்டம், சாயங்காலம் தூறல். கொடியில் போட்ட துணி ஒன்றும் காயவில்லை. எல்லாம் கரி அடுப்பைச் சுற்றி. வீடு முழுக்க ஈர நெடி.

மேல் பங்களாவுக்கு சீசன் குடித்தனம் வந்தாயிற்று. மதராஸ் ஹைகோர்ட் வக்கீல் ஒருவர், அவர் மனைவி, சமையல்காரர். இவர் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கப் போனார். (கீழ்நாட்டு முதலாளிகள் இந்த மலையில் வைத்திருக்கும் பங்களாக்களைப் பார்த்துக்கொள்வது இவர் வேலை. ஒப்பந்தம் எழுதுவது கல்யாணமானதிலிருந்து என் வேலை.) திரும்பி வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரே சிரிப்பு.

"இதை எழுதுன வக்கீல் யாருன்னு கேட்டாரு புள்ள. அந்தச் சிம்னி சமாச்சாரத்தை ரெண்டு தடவை வாசிச்சாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மச்சினன் எழுதுனான்னு சொல்லிட்டேன்."

எனக்குத் தம்பியும் இல்லை, அண்ணனும் இல்லை. அம்மாவுக்கு நான் ஒருத்திதான்.

"பொண்டாட்டி எழுதுனதுன்னா அந்த மனுசன் கையெழுத்துப் போடுவாரா? நீயே சொல்லு."

சோறு போட்டேன். ஆனால் இரண்டு தடவை வாசித்தார் என்பது மட்டும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஷரத்து: குடிவருகிற அன்று இரு தரப்பும் சேர்ந்து கணப்பையும் சிம்னியையும் பார்க்க வேண்டியது; அதற்குப் பின் பச்சை விறகு எரித்து அடைத்தால் குடியிருப்பவர் பொறுப்பு, முன்பே இருந்த கரிக்கு முதலாளி பொறுப்பு. போன வருஷத்துச் சண்டையில் கற்றது.

மே 5

வெள்ளனே நல்ல வெயில். துணி காய்ந்தது!

மேல் பங்களா வக்கீல் சார் இவரை வழியில் நிறுத்தி, அந்தப் பையனை லா காலேஜில் சேர்க்காமல் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாராம். பி.ஏ. என்று இவர் சொல்லி வைத்திருக்கிறார். அது பொய்யில்லை, நான் பி.ஏ.தான். மதுரையில் படித்தேன், செகண்ட் க்ளாஸ்.

எனக்கு ஒரு யோசனை. தம்பிக்கு என்று கேட்டால் எல்லாம் சொல்வாரே! ஒரு சீட்டில் எழுதி இவர் பையில் வைத்தேன்:

— செகண்ட் க்ளாஸுக்கு மதராஸில் இடம் கிடைக்குமா?
— மதராஸ் இல்லையென்றால் வேறு எங்கே?
— பெங்களூர் பட்டம் மதராஸ் கோர்ட்டில் செல்லுமா?
— இரண்டு வருஷத்தில் எந்த வருஷம் கடினம்?
— பி.ஏ. முடித்து நாலு வருஷம் சும்மா இருந்தால் குற்றமா?

"நாலு வருசம் சும்மா இருந்தானா உன் தம்பி?" என்றார் இவர். "கல்யாணம் பண்ணி ஒரு பிள்ளையும் பெத்தான்," என்றேன். கூஜாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

மே 6

பதில்கள் வந்தன. வ. சார் விரல் மடக்கிச் சொன்னாராம்: மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கையில் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

மேலே: மதராஸ். கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம். கோர்ட் பக்கத்திலேயே. முதல் வருஷம் எஃப்.எல்., அப்புறம் பி.எல். முதல் வருஷந்தான் ஆளைத் தள்ளும்.
நடுவில்: திருவனந்தபுரம். ராஜ்யம் பிரிந்தபின் அங்கே அவர்கள் பிள்ளைகளுக்குத்தான் முதல் இடமாம். போட்டுப் பார்க்கலாம்.
கையில்: பெங்களூர். கேட்டால் கிடைத்துவிடும் என்கிறார். ஆனால் இங்கே வந்து தொழில் செய்ய இன்னொரு பரீட்சை இருக்கலாம். விசாரிக்க வேண்டும்.

நாலு வருஷம் சும்மா இருந்தது பரவாயில்லையாம். "பையனுக்கு உலகம் கொஞ்சம் தெரிந்திருக்கும், நல்லதுதான்." முக்கியமாக: பையனை நேரில் அனுப்பு, பார்க்க வேண்டும் என்கிறார்.

அங்கேதான் இடிக்கிறது.

மே 8

பஜார். உப்பு, சீமெண்ணெய், பாப்பாவுக்கு நெஞ்சில் தடவ தைலம். காதர் பாய் கடையில் நுழைந்ததுமே, "என்ன தங்கச்சி, தம்பி வக்கீலுக்குப் படிக்கப் போறாராம்ல! சொல்லவே இல்லையே!"

இவர் பரப்பியதா, வ. சாரின் சமையல்காரர் பரப்பியதா? பதில் சொல்வதற்குள், மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த பூம்பாறை சம்சாரி ஒருவர் (வெள்ளைப்பூண்டு போட வந்தவர்) துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சாங்க?"

"ஆயிருச்சுங்க."

"அடடா. ஒரு வருசம் முந்தி தெரியாமப் போச்சே. நமக்கு நாலு பொண்ணுங்க. எடம் ஒண்ணு கெடக்கு, கேஸும் நடக்குது. மருமகன் வக்கீலுன்னா ரெண்டு சோலியும் ஒண்ணா முடிஞ்சிருக்கும்."

காதர் பாய் தராசைப் பிடித்தபடியே குலுங்கினார். "விடுங்க மாமா, வக்கீல் மருமகன்னா உங்க வீட்டுப் பூண்டையும் பாதி பீஸுன்னு எடுத்துக்குவாரு!"

நானும் சிரித்தேன். ஆனால் தெருவில் இறங்கியதும் ஒரு விஷயம் வியப்பாக இருந்தது. இல்லாத ஓர் ஆளுக்கு ஊரே இவ்வளவு சுலபமாக இடம் ஒதுக்குகிறதே. காலேஜ், பெண், பீஸ் எல்லாம் தயார்.

மே 9

நடந்துவிட்டது. ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

பதினொரு மணி இருக்கும். மூட்டம் வந்துவிட்டது. வ. சாரும் அவர் மனைவியும் உலாத்தப் போனவர்கள் எங்கள் வாசல் வழியாக வந்தார்கள். இவர் இல்லை, வேறு பங்களாவில் குழாய் உடைந்ததென்று போயிருந்தார். பாப்பா இடுப்பில். என் புடவை முந்தானை முழுக்க மருந்து.

"எங்கேம்மா உன் தம்பி? வந்தானா?"

வந்துவிட்டுப் போய்விட்டான் என்று சொல்லலாம். நாக்கு வரைக்கும் வந்தது.

"தம்பி இல்லைங்க. எனக்குத் தம்பியே இல்லைங்க. அது நான் எழுதினது."

வ. சார் கைத்தடியைப் புல்லில் ஊன்றி நின்றார். என்னைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார். "பேஷ்," என்றார். அப்புறம், "அப்போ ஒண்ணு செய். மதுரையிலே டீச்சர் டிரெயினிங் சேர்ந்துடு. பக்கம். லீவும் அதிகம். லேடீஸுக்குக் கௌரவமான வேலை."

"தம்பிக்கு மதராஸ்னு சொன்னீங்களே சார்."

"அது தம்பிக்கு."

மாமி சட்டென்று திரும்பினார். "நன்னாயிருக்கே! நேத்து வரைக்கும் மூணு காலேஜ் சொல்லிண்டிருந்தேள். அதே எழுத்து, அதே பி.ஏ. இன்னிக்கு ஒண்ணுகூட இல்லையா?"

"நான் அப்படிச் சொல்லலே. சீட்டு எங்கேயாவது கிடைக்கும்மா. அது கஷ்டமே இல்லே. அதுக்கப்புறந்தான் கஷ்டம். எந்த சீனியர் ஜூனியரா எடுத்துப்பான்?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ: "நீங்க எடுத்துக்குவீங்களா சார்?"

மாமி வாயை மூடிக்கொண்டார், சிரிப்பை அடக்க. வ. சார் பாப்பா பக்கம் திரும்பினார். "குழந்தைக்கு என்ன வயசு?" என்றார்.

"ஒண்ணரை."

"ம்."

போய்விட்டார்கள். மூட்டத்தில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத் தம்பி விஷயத்தில் அவர் கேட்கவில்லை. தம்பிக்கும் குழந்தை இருக்கிறது என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா? நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. கோபம்கூட அவ்வளவாக இல்லை.

ஆனால் கேள்வி சரியான கேள்வி.

மே 10

விடாத மழை. இருமல் பகலில் குறைவு.

காலையில் வ. சார் குடையோடு வந்தார், கையில் என் ஒப்பந்தம். உட்காரவில்லை.

"ஒரு ஓட்டை இருக்கு. கண்டுபிடி பார்க்கலாம்."

நின்றபடியே வாசித்தேன். அடுப்பில் பால். மூன்றாவது தடவையில் தெரிந்தது: ஒரே சீசனில் ஒரு குடித்தனம் போய் இன்னொன்று வந்தால்? போகிறவர் போகும் அன்று சிம்னியைப் பார்க்க யாருக்கும் ஷரத்து இல்லை. அடுத்தவர் வருகிற அன்று தெரிகிற கரி, போனவருடையதா முதலாளியுடையதா என்று யார் சொல்வது?

சொன்னேன். பால் பொங்கியது. அதை இறக்கிவிட்டு வருவதற்குள் அவர் கூரைச் சரிவின் கீழ் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ளிகேஷனுக்கு கேரக்டர் சர்ட்டிபிகேட் நான் தர்றேன். ஜூனியர் விஷயம்... அப்போ பார்த்துக்கலாம். இப்போ வாக்குக் கொடுத்தா அது பொய்யாயிடும்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவர்மேல் மரியாதை.

மே 11. ஞாயிறு

பட்டியலை மறுபடி எழுதினேன், இந்தத் தடவை எனக்காக. முழுக்க மாறிவிட்டது. வேடிக்கைதான்.

தி.புரம்: அடித்துவிட்டேன். அங்கே யாரையும் தெரியாது, பாஷையும் தெரியாது.
பெங்களூர்: நாத்தனார் வீடு இருக்கிறது. பாப்பா என்னோடு.
மதராஸ்: ஹாஸ்டல். பாப்பா என்னோடு இல்லை.

பெங்களூர்தான் என்று முடிவாகிவிட்டது போலத்தான் இருந்தது. இவரிடம் காட்டினேன். விளக்குப் பக்கம் பிடித்து வாசித்தார். வழக்கமான கேலி இல்லை.

"எங்க அக்கா வீட்டுக்குப் போறேங்கிற."

"ஏன், அண்ணி நல்லவங்கதானே?"

"நல்லவதான். அஞ்சு பிள்ளை. நீ போன மறுநாளே அடுப்படி உன் கையில. ‘வெரசா வா, வெரசா வா’ன்னு காலேஜ் வாசல்லேருந்து கூப்பிடுவா. உன்னால அவளை மறுத்துப் பேச முடியாது, எனக்குத் தெரியும். புஸ்தகத்தைத் தொடவே மாட்ட. ரெண்டு வருசம் கழிச்சுப் பாப்பாவும் நீயும் வருவீங்க, பி.எல். வராது."

எனக்குத் தோன்றவே இல்லை இது. பத்திரம் என்று நான் எழுதிய இடம்தான் படிப்புக்குப் பத்திரமில்லாத இடம்.

"அப்போ மதராஸுங்கிறீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல. பாப்பாவை விட்டுட்டு இருப்பியா? அதை நீதான் சொல்லணும்." விளக்கைத் தணித்தபடி: "என்னால தனியாப் பாக்க முடியாது. குழாய் உடைஞ்சா நான் எந்த நேரம் எங்க கெடப்பேன்னு எனக்கே தெரியாது. உங்கம்மாட்ட கேளு."

பிறகு போர்வைக்குள்ளிருந்து, "அன்னைக்கு மச்சினன்னு நான் சொன்னது தப்புத்தான்," என்றார். ம் என்றேன்.

பாப்பா தூக்கத்தில் என் விரலைப் பிடித்துக்கொள்கிறாள். இன்னும் பால் மறக்கடிக்கவில்லை. ஜூலையில் காலேஜ் திறக்குமுன் மறக்கடிக்க வேண்டும். எப்படி? வேப்பிலை என்கிறார்கள். யாரையாவது கேட்க வேண்டும். மார்பு கட்டிக்கொள்ளுமா? மதராஸில் போய்க் கட்டிக்கொண்டால்? அம்மா ஊரில் வெயில், ஆனால் இருமல் இருக்காது. வேர்க்குரு வரும். அம்மாவுக்கு முழங்கால் வலி. வீட்டுக் கொல்லையில் இறங்கும் வாய்க்கால் படிக்கட்டுக்குக் கதவு கிடையாது. கதவு போடச் சொல்லலாம்.

மே 12

இரண்டு மனுவும் எழுதியாயிற்று. பெங்களூர் கவரை ஒட்டிவிட்டேன், எதற்கும் இருக்கட்டும். மதராஸ் கவர் திறந்தே கிடக்கிறது, அம்மாவின் பதிலுக்காக.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அய்யம்பாளையத்தில் தபால்காரர்தான் வாசிப்பார், நிறுத்தி நிறுத்தி, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி. அதனால் ‘உடம்பு எப்படி இருக்கிறது’ என்பதைத் தவிர வேறெதையும் இதுவரை நான் எழுதியதில்லை. இன்றைக்கு எழுதினேன். நாளை முதல் பஸ்ஸுக்குத் தபாலில் சேர்க்க வேண்டும். இங்கேயும் பிரதி எடுத்து வைக்கிறேன்.

"அம்மாவுக்கு, நாங்கள் நலம். பாப்பாவுக்கு இருமல் குறைகிறது. மதராஸில் இரண்டு வருஷம் வக்கீல் படிப்புக்கு நான் மனுப் போடலாம் என்று இருக்கிறேன். அவருக்குச் சம்மதம். இடம் கிடைத்தால் பாப்பா உன்னிடம் இருக்க வேண்டும். ராத்திரி இரண்டு தடவை எழுவாள், தட்டிக்கொடுத்தால் தூங்கிவிடுவாள். சோற்றை நன்றாகக் குழைத்தால்தான் தின்பாள். வாய்க்கால் பக்கம் விடக்கூடாது. ஒவ்வொரு லீவுக்கும் வருவேன். உன்னால் முடியுமா? முடியாது என்றால் அதையும் சொல், நான் வருத்தப்பட மாட்டேன். மனுவுக்கு நாள் அதிகம் இல்லை. யாரையாவது உட்காரவைத்து எழுதச் சொல்லி, சீக்கிரம் பதில் போடு."