பீரோவும் ஏணியும்

என் செல்ல அக்கா,

உன் பீரோ மாடி ஏறிவிட்டது! நீ கண்மூடிய பிறகு இந்த இரண்டு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமான சேதி சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

உன் மகள் செல்விக்குக் கல்யாணமாகி, தாராவியில் நாம் வளர்ந்த சந்திலேயே ஒரு மாடி அறை பிடித்திருக்கிறாள். புதன்கிழமை பால் காய்ச்சினோம். "அம்மா பீரோ உள்ள வந்த பெறவுதான் அடுப்பு பத்தவைப்பேன்" என்று பிடிவாதம். பன்னிரண்டுக்கு ராகுகாலம் வேறு.

மாடிக்கு வழி, வாசலில் கொக்கி போட்டு மாட்டிய செங்குத்தான இரும்பு ஏணிதான். மாப்பிள்ளையும் நண்பர்களும் மேலே நின்று கயிற்றால் இழுக்க, கீழே நாங்கள் தள்ள, ஏணிக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவில் பீரோ சிக்கிக்கொண்டது. படுக்க வைத்தோம், தலைகீழாகத் திருப்பினோம். செம்பூரிலிருந்து நான் கொண்டுபோன டேப்பால் மூன்று முறை அளந்தேன். கல்லூரியில் உளவியல் நடத்துகிறவள் இல்லையா, படம்கூடப் போட்டேன்.

செல்வியோ சந்து முனையில் நின்று கொய்யா தின்றுகொண்டிருந்தாள். மணி பதினொன்றரை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படியே உங்கம்மா! மண்டு!" என்று கத்திவிட்டேன்.

எட்டாம் வகுப்பில் நீ பெயிலானதிலிருந்து உன்னை நான் கூப்பிட்ட பெயர். அதை நல்ல நாளும் அதுவுமாக உன் பிள்ளைக்கும் சூட்டினேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சித்தி, ஏணிய கழட்டுங்க."

"ஏணி இல்லாம எப்படி மேல போவ?"

"பீரோதான சித்தி போவணும்? இழுக்குதவங்க மேலதான நிக்காங்க."

கழற்றினோம். பீரோ நேராக, ஒரு கீறல் இல்லாமல் மேலே போய்விட்டது. பழகிய வழியையே மனம் பிடித்துத் தொங்கும், சற்று விலகி நின்றால் விடை கிடைக்கும் என்று வருஷா வருஷம் வகுப்பில் நடத்துகிறேன் அக்கா! சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு அழுதேன்.

சிக்கல் வந்தால் நீயும் இப்படித்தானே கடலைப் பொட்டலத்தோடு தள்ளிப்போய் உட்காருவாய்? சோம்பல் என்று நினைத்தேனே. ஒரு தடவையாவது நீ என்னைத் திருப்பித் திட்டியிருக்கக் கூடாதா?

ஏணியை மறுபடி மாட்டி, ஏறிப்போய்ச் செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சித்தி, பால் பொங்குது பாருங்க" என்றாள். அடுப்புக்குப் பக்கத்தில் உன் பீரோ.

திங்கட்கிழமை வகுப்பில் உன் கதையைத்தான் சொல்லப்போகிறேன். எந்தப் பிள்ளையையும் இனி அந்தப் பெயரால் கூப்பிட மாட்டேன். அது எனக்கே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மண்டுத் தங்கை